கடித்தால் கடலை

என் வீட்டுக்காரருக்கு ஒயரிங் வேலை. ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சுவரைக் குடைந்தவர். வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். ஒன்றை நினைத்துவிட்டாலோ பிடித்த பிடியை விடமாட்டார். எங்கள் கிளி துரையும் அப்படித்தான். விரலைக் கவ்வினால் லேசில் விடாது.

மகள் ஃபோனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். “குழந்தை இப்பதான் தவழுது. போன தடவை துரை என் விரலையே பதம் பார்த்துச்சு. அது கடிக்கிறதை நிறுத்தற வரைக்கும் நான் அங்க வந்து தங்க மாட்டேன்.”

வேலைக்குத் திரும்புவதற்கு முன் ஒரு மாதம் எங்களோடு இருப்பதாகச் சொல்லியிருந்தவள். பேரனை நான் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் தூக்கி வைத்திருந்ததில்லை.

“அந்தச் சனியனை யாருக்காவது குடுத்துத் தொலைங்க” என்றேன்.

“மூணு வாரம் பொறு. அவளும் வரணும், இவனும் இருக்கணும்.”

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் அரை மணி, வந்தபின் அரை மணி கூண்டருகே உட்கார்ந்தார். விரலை நீட்டுவார். அது கடிக்கும். கத்தவும் மாட்டார், கையை உதறவும் மாட்டார். பேசாமல் அதைத் தரையில் இறக்கிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஐந்தாம் நாள் ஆறு விரலில் கறுப்பு இன்சுலேஷன் டேப்.

“உங்களுக்கே ஒயரிங் பண்ணிக்கிட்டீங்களா?” என்று கேட்டேன். சிரிக்கவில்லை மனுஷன்.

பத்து நாளாகியும் துரை மசியவில்லை. ஒரு சாயங்காலம் அவர் கட்டைவிரலைக் கவ்வியது. அவர் இல்லாத வேளைகளில் செய்வதுபோல் நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து ஒரு வேர்க்கடலையை நீட்டினேன். விரலை விட்டுவிட்டுக் கடலையை வாங்கிக்கொண்டது.

அவர் என்னையே பார்த்தார். “எவ்வளவு நாளா இப்படிக் குடுக்கற?”

“வந்த நாள்லேர்ந்து. இல்லாட்டி விடுமா அது?”

“கடிச்சா கடலைன்னு நீதான் பழக்கி வெச்சிருக்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக ஓடி ஓடிக் கடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். அதை விரட்டச் சொன்னதும் நான். வெட்கமாகப் போயிற்று. கடலை டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு கடித்தால் ஒன்றும் கிடையாது. அலகால் மெல்லத் தொட்டுவிட்டு விட்டால்தான் கடலை. அவர் முகம் சுளிக்கும்போதெல்லாம் என் கால் தானாக எழும். நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர் சொன்ன மூன்று வாரம் முடிந்ததும் மகள் குழந்தையோடு வந்தாள். பையை வாசலிலேயே வைத்தாள். “முதல்ல பாக்கறேன்” என்றாள்.

அவர் விரலை நீட்டினார். துரை தொட்டது, விட்டது. மறுபடியும் நீட்டினார். தொட்டது, விட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “பேரன் விரலையும் நீட்டிப் பாருங்களேன்” என்றேன்.

“வேணாம். என் விரலை வெச்சு எவ்வளவு வேணா பாக்கலாம், குழந்தை விரலை வெச்சுப் பாக்கக் கூடாது. அவனுக்கு எட்டாத உயரத்துல கொக்கி அடிச்சாச்சு. கூண்டு அங்கதான் தொங்கும்.”

மகள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். டேப் எடுத்த இடமெல்லாம் வடு. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் விரலை நீட்டினாள். துரை அதை அலகுக்குள் வாங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

துரை விரலை விட்டது.

“பையை உள்ள எடுத்து வைங்கப்பா” என்றாள்.