அந்தோணியின் வண்டியில் ஆறடி இடம்

இன்று மதியம் எங்கள் வீட்டு மாடியில், பகடை உருட்டிக் கதைக்குள் போகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நடத்துபவன் நான்.

உலகம் அழிகிறது. ஊரைக் காலி செய்து தப்பிக்க ஆளுக்கொரு வண்டி வரைய வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரம், டிராக்டர் இன்ஜின், ராக்கெட், எதையும் சேர்க்கலாம். எடை கூடினால் மட்டும் வண்டி நகராது.

நண்பன் குமார் வழக்கம்போல் தன் வண்டியில் லேசர் துப்பாக்கி வைத்தான், எதிரி யாரென்று கேட்காமலே.

கம்மாபுரம் பக்கத்து அந்தோணி, கரும்பு டிரெய்லருக்கு சோலார் தகடு போட்டு, நடுவில் ஆறடி இடத்தைச் சும்மா விட்டிருந்தான்.

"இங்க பீரங்கி வைக்கலாம்ல?" என்றேன்.

"அது அப்பாவுக்குடா."

அவன் அப்பா இறந்து நான்கு வருடம். மாதா கோயிலுக்குப் பின்னால் கல்லறையில் இருக்கிறார். அவன் ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப் போவதாகப் பேச்சு.

"வூட்டுக்கு மாத்து எடம் தராங்களாம். கல்லறைய பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. அவர வுட்டுட்டு எப்படிடா போறது?"

குமார் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

விதிப்படி ஏற்றும் சுமையின் எடையை நான்தான் எழுத வேண்டும். அதிகம் எழுதினால் வண்டி நகராது. குறைத்து எழுத மனம் வரவில்லை.

இந்த மாதிரி ஆட்டம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள், அவன் அப்பாவுக்கு எவ்வளவு எடை போடட்டும்?