ஆனைநெருஞ்சித் தண்ணீர்

தண்ணீரைக் கெட்டியாக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்து மணல் தரையில், தென்னந்தோப்பின் ஓரமாக யாரும் விதைக்காமல் முளைக்கும் ஆனைநெருஞ்சியில் நாலு கொப்பு பறித்து, மண்ணை உதறி, ஒரு சொம்புத் தண்ணீருக்குள் விட்டுச் சுற்ற வேண்டும். மஞ்சள் பூக்கள் உதிர்ந்து மிதக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெண்டைக்காய் மாதிரி வழவழத்துக் கனத்துவிடும். சொம்பைச் சாய்த்தால் கொட்டாது, மெதுவாக இறங்கும். பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து காட்டியதில் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல.

வீட்டில் அதற்கு வேறு வேலை. கோடையில் லாரிக்குத் தேங்காய் ஏற்றிவிட்டு வரும் அப்பாவுக்கு நீர்க்கடுப்பு வந்துவிடும். அம்மா அந்தத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கக் கொடுப்பாள். பறிப்பது என் பொறுப்பு. முள்ளுக்காய் குத்தாமல் பறிக்க என்னைவிட்டால் ஆளில்லை என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெரியப்பா வீடு எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு வேலி. வேலியில் நின்ற தென்னை யாருடையது என்ற தகராறில் அம்மாவும் பெரியம்மாவும் பேச்சை நிறுத்தி இரண்டு பொங்கல் போயிருந்தது. அண்ணன் தம்பியான பெரியப்பாவும் அப்பாவும் வழக்கம்போல மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். அந்த மரத்துக் காயைப் பாதிப் பாதியாக எடுத்தும் கொண்டார்கள். சண்டைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை போலிருந்தது.

பெரியப்பா பத்திரிகையைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் தொடவில்லை. விசேஷ வீட்டுப் பெண் குங்குமச் சிமிழோடு வந்து, நெற்றியில் வைத்து அழைப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. அது நடக்காமல் இந்த வீட்டிலிருந்து யாரும் வாசற்படி தாண்டுவதற்கில்லை என்று சொல்லிவிட்டாள். மூத்தவள் நான் இறங்கிப் போவதா என்று பெரியம்மா கேட்டதாக வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புதுப் பட்டுப்பாவாடை தைத்து வந்தாகிவிட்டது. திருக்கடையூர் போகிற வேனில் ஜன்னலோர இடத்தைக்கூட மனத்துக்குள் பிடித்து வைத்திருந்தேன்.

கல்யாணம் நெருங்கிய ஒரு காலையில் பெரியம்மா துணிப்பையும் கையுமாக வேலியோரம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். அம்மா அடுக்களை ஜன்னலில் நின்றிருந்தாள்.

"பாப்பா, என் கூறைப் பட்டுல குத்துவிளக்கு எண்ணெய் கொட்டிப்போச்சு. அதை உடுத்திக்கிட்டுத்தான் மறுபடி தாலி கட்டிக்கணும்னு இருக்கேன். ஆனைநெருஞ்சித் தண்ணியில அலசினா கறை போகும்ல. உங்க தோப்புல இருக்குமே, கொஞ்சம் பறிச்சுத் தர்றியா? பக்குவம் உங்கம்மாவுக்குத்தான் தெரியும்."

நான் ஜன்னலுக்கு ஓடி, கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். புடவையை வாங்கி வா என்றாள் அம்மா. வேலிக்கு ஓடினேன். சோப்பு படக் கூடாது என்று சொல் என்றாள் பெரியம்மா. ஜன்னலுக்கு ஓடினேன். அதுகூடவா எனக்குத் தெரியாது என்றாள் அம்மா. ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கிற தூரம்தான். ஆனாலும் ஓடினேன். இவர்களுக்கு நான் ஒருத்தி இல்லாவிட்டால் என்ன ஆவது என்று எனக்கு ஒரே பெருமை.

தோப்புக்குப் போய்க் கூடை நிறையப் பறித்து வந்தேன். அண்டாவில் நானே விட்டுச் சுற்றினேன். தண்ணீர் என் பேச்சைக் கேட்டது. அம்மா அதை வடிகட்டி, புடவையை மெல்ல அதற்குள் இறக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

"கசக்கிடாத" என்றாள், நேராக அம்மாவிடம்.

"இல்லக்கா" என்றாள் அம்மா.

ஊறிய பட்டை நல்ல தண்ணீரில் அலசி எடுத்தபோது கறை இருந்த இடம் தெரியவில்லை. நனைந்த பட்டு தரையில் படக் கூடாது, கொடியில் போட்டால் தடம் விழும், வெயிலும் ஆகாது. ஆகவே வேப்பமர நிழலில் ஒரு முனையை அம்மாவும் மறுமுனையைப் பெரியம்மாவும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, அம்மா இந்தக் குடும்பத்துக்கு வாழ வந்த அன்று பெரியம்மா இதே பட்டைக் கட்டிக்கொண்டு ஆரத்தி எடுத்த கதை வந்தது. அப்பா மாலையோடு தடுக்கி விழப்போன கதை வந்தது. பட்டு காய்ந்த பிறகும் இரண்டு பேரும் முனையை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புடவையை மடித்து வைத்துவிட்டுப் பெரியம்மா அதே பைக்குள் கையை விட்டுக் குங்குமச் சிமிழை எடுத்தாள்.

"எல்லாரும் வந்துருங்க. நீ பக்கத்துல நிக்காம எனக்கு என்ன கல்யாணம்?"

அம்மா நெற்றியைக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. வேனில் இடம் உறுதியான சந்தோஷத்தில் நான் குதித்துக்கொண்டிருந்தேன். புடவைப் பைக்குள் சிமிழ் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திருக்கடையூரில் பெரியம்மா அந்தப் பட்டில் மாலையோடு நின்றாள், பக்கத்தில் அம்மா. என் தண்ணீரில் கறை போன பட்டு என்று வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்தேன்.

ஊர் திரும்பியதும் கைகால் கழுவப் பெரியம்மா வீட்டுக் கொல்லைக்குப் போனேன். தகராறுக்குப் பிறகு நான் அங்கே போவது அதுதான் முதல் தடவை. கிணற்றடியிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும், எங்கள் தோப்பில்கூட அவ்வளவு கிடையாது, ஆனைநெருஞ்சி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"அட, ஆமா பாப்பா. எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள். பின்னால் வந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

தினமும் மிதித்து நடக்கிற செடி ஒருவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் போய், பெரியம்மாவுக்குச் சீக்கிரமே கண்ணாடி போட வேண்டும் என்று கவலையோடு சொன்னேன்.