தருமன் சுட்ட கரியும் ஐந்து கத்திரிச் செடிகளும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் தருமனுக்கு இணையாக வலை வீசத் தெரிந்தவர்கள் நான்கு பேராவது இருப்பார்கள். அவருக்கு இணையாக ரோஷப்படத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த ரோஷம் முழுவதும் ஒரு காய்கறிப் பையின் மேல்தான்.

மனைவி தேவகி ஆரம்பாக்கம் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். காதலித்துக் கைப்பிடித்துக் குப்பத்துக்கு வந்தவள். அவள் பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தருமன் இறாலும் மடவை மீனும் கொண்டுபோவார். திரும்பும்போது தேவகியின் அண்ணன் விஜயராகவன் ஒரு பை நிறையக் கத்திரிக்காயைக் கையில் திணிப்பார்.

"எடுத்துனு போ மாப்ள. உங்க மணல்ல கொத்தமல்லி கூட மொளைக்காது."

இருபது வருஷமாக அதே பை, அதே வசனம். விஜயராகவன் மீனை மட்டும் ருசித்துச் சாப்பிடுவார், மணலைப் பழிப்பார்.

"ஒரு நாளு அந்தாளு வூட்டுக்கு நான் கத்திரிக்கா கொண்டு போறேன். இல்லன்னா என் பேரு தருமன் இல்ல" என்று சபதம் போட்டார்.

"அப்போ இன்னா பேரு வெச்சிக்கப் போற?" என்றாள் தேவகி.

போன கோடையில் பஞ்சாயத்துக் கூடத்துக்கு நிவேதா என்ற பெண் வந்து பயோசார் என்ற கரி உரத்தைப் பற்றிப் பேசினார். சீமைக்கருவேல விறகை டிரம்மில் அதிகம் காற்றுப் புகாமல் எரித்துக் கரியாக்க வேண்டும். அதைச் சாணக் கரைசலில் ஊறவைத்துக் கலந்தால் மணலும் ஈரம் பிடிக்கும். விறகு சாம்பலானால் காற்றோடு போய்விடும் கரிமம், கரியானால் நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணிலேயே தங்கும் என்றார். கூட்டத்தில் கேள்வி கேட்டவர் தருமன் ஒருவர்தான்.

"நூறு வருஷம் இருக்கட்டும்மா. கத்திரிக்கா எப்போ காய்க்கும்?"

மறுநாளே பழைய டீசல் டிரம்மில் தீ மூட்டினார். புகை அடங்கித் தணல் சிவந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். குப்பத்தில் நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். தேவகி வரிசையில் நின்று பிடித்த குடத்தில் கைவைத்தால் கரியாகப்போவது விறகு மட்டுமல்ல என்பது தருமனுக்குத் தெரியும். எதிரே ஏரி இருக்கிறது. படகு கழுவுவதும் வலை அலசுவதும் அதில்தானே? பத்து வாளி மொண்டு ஊற்றினார்.

அந்தக் கரியைக் கலந்து ஐந்து கத்திரி நாற்று நட்டார். ஒரே வாரத்தில் இலை விளிம்பெல்லாம் கருகி ஐந்தும் செத்துப்போயின. தருமன் நிவேதாவைத் திட்டினார், விதையைத் திட்டினார், வெயிலைத் திட்டினார். தேவகி ஒரு கரித்துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஏரித் தண்ணீரின் உப்பு கரித்தது.

"இன்னாய்யா இது? கத்திரிக்கா நட்டியா, கருவாடு போட்டியா?"

தருமனின் முகம் கரியைவிடக் கறுத்துவிட்டது. "உங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். தேவகி சத்தியம் செய்து கொடுத்தாள். அந்தச் சத்தியத்தைக் காட்டியே அன்றிலிருந்து தண்ணீர் வரிசைக்கு அவரையே அனுப்பினாள்.

மிச்சக் கரியைப் பழைய வலைமேல் பரப்பி ஐப்பசி மழையில் போட்டார்கள். வாரம் ஒரு முறை தேவகி நக்கிப் பார்த்துத் தலையாட்டுவாள். உப்பு முழுக்கப் போன பிறகு, சாணக் கரைசலோடு மீன் கழுவிய நல்ல தண்ணீரும் சேர்த்து ஊறவைத்து, வேறு இடத்தில் மறுபடி ஐந்து நாற்று நட்டார்கள். ஊரே அவரைக் "கரி தருமன்" என்றது. மாசியில் செடி தாங்காமல் காய்த்தது. ஒரு காயைக்கூடக் குழம்பில் போட அவர் விடவில்லை.

ஆரம்பாக்கம் பஸ்ஸில் வழி முழுக்க வசனம் ஒத்திகை நடந்தது: "எடுத்துக்கோ மச்சான். உங்க ஊர்ல கெடைக்காது."

விஜயராகவன் பையை வாங்கி உள்ளே பார்த்தார். சிரிக்கவில்லை. தருமனைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே கத்திரிச் செடிகள் இலை விளிம்பு கருகி நின்றன. அந்தக் கருகலைத் தருமன் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"போர் கெணத்துல உப்பு ஏறிக்கிச்சு மாப்ள. இந்த வருஷம் உனக்குக் குடுக்க ஒண்ணுமில்ல" என்றார் விஜயராகவன். "உன்ன கரி தருமன்னு சொல்றாங்களாமே, அந்தக் கரி என் மண்ணுக்கு ஆவுமா?"

தருமன் கருகிய இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். ஒத்திகை பார்த்த வசனத்தைக் கைவிட்டார்.

"போர் தண்ணிய அது மாத்தாது மச்சான். மழை ஈரத்த புடிச்சு வெக்கும், செஞ்சி பாக்கலாம். ஆனா தணல அணைக்கறப்போ இந்தப் போர் தண்ணிய ஊத்திடாத." கொஞ்சம் தயங்கினார். "நான் ஏரித் தண்ணிய ஊத்தி அஞ்சு செடிய சாவடிச்சேன்."

"நான் சொல்லலண்ணா, அவரே சொன்னாரு" என்றாள் தேவகி.

விஜயராகவன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த வாரமே டிரம்மோடு வருவதாகத் தருமன் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் அந்த ஊரிலிருந்து வெறுங்கையோடு பஸ் ஏறினார். அது அவர் நினைத்திருந்த அளவுக்கு நன்றாக இல்லை.