முங்காமல் கரையேறிய அப்பா

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கப்பா கங்காணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவர் தொண்டையைச் செருமினாலே கொழுந்தெடுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வீட்டிலும் அதே அதிகாரம்தான். அப்படிப்பட்ட மனுஷன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடந்த ஜெபக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார ஆரம்பித்ததை யாருமே நம்பவில்லை. மகளாகிய நான் கொஞ்சமும் நம்பவில்லை.

அப்பாவின் ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். தோட்டத்து ஆற்றில் கல் அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். அந்தக் காலைப் பனிமூட்டமும் ஆற்றுச் சத்தமும் இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. அம்மா ஆட்டுக்கறி ஆக்கி வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாதி நினைப்பு கறியில்தான்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற போதகர், பாவத்தை விட்டு மனந்திரும்பிவிட்டீர்களா என்று எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார்.

"இல்லீங்கய்யா. இப்ப முங்குனா நான் சும்மா நனைஞ்சு மட்டுந்தான் வருவேன்," என்று சொல்லிவிட்டு, அப்பா ஈரவேட்டியோடு கரையேறி நடந்துவிட்டார்.

சனம் முழுக்க எங்களையே பார்த்தது. எனக்கு மானமே போய்விட்டது. கறி அப்படியே ஆறிக் கிடந்தது. வீட்டில் அம்மாவிடம் அப்பா சொன்னபோதுதான் சங்கதி விளங்கியது.

முன்பு எங்கள் லயத்தில் ஓர் அண்ணன் இருந்தார். கங்காணி என்று பயப்படாமல் அப்பாவை எதிர்த்துப் பேசுவார். கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடக்கும் மிலாறுக் குச்சிகளை விறகுக்குப் பொறுக்கி வருவது எல்லோரும் செய்வதுதான். அவரும் பொறுக்கினார். அப்பாவோ, அவர் நல்ல தேயிலைச் செடியையே வெட்டிவிட்டதாகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பொய் சொல்லியிருக்கிறார். துரை வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டைக் கொடுத்து அந்தக் குடும்பத்தையே தோட்டத்தை விட்டு அனுப்பிவிட்டார். கொட்டும் மழையில் சட்டிபானையோடு அவர்கள் போனதை நானும் பார்த்தேன். அப்போது பாவம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே அப்பா துரையிடம் போய் உள்ளதைச் சொன்னார். கங்காணி வேலை போனது, கையில் மண்வெட்டி வந்தது. பிறகு அந்த அண்ணன் வலப்பனைப் பக்கம் இருப்பதாக விசாரித்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே நின்று கும்பிட்டு, தான் செய்ததைச் சொன்னார். அந்த அண்ணன் எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க கங்காணி. அந்த மழையில நனைஞ்சு படுத்த எங்கம்மா எந்திரிக்கவே இல்ல," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மன்னிப்புக் கிடைக்காதவன் தண்ணீரில் இறங்கலாமா என்று போதகரிடம் கேட்டார். கேட்பது உங்கள் பங்கு, கொடுப்பது அந்த ஆளின் மனசு; மனசு திரும்பாமல் முங்கினால் அது வெறும் குளியல், உங்களுக்குத் திரும்பிவிட்டது, தைரியமாக வாருங்கள் என்றார் போதகர்.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள்; இந்த முறை வீட்டில் விருந்து இல்லை. போதகர் கேட்டதற்கு அப்பா சத்தமாகவே பதில் சொன்னார். முங்கி எழுந்து, உதறலெடுத்துக் கரைக்கு வந்தபோது, தலையில் கம்பளி போட்ட ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தார். வலப்பனை அண்ணன்! யார் சேதி சொன்னார்களோ தெரியாது. கம்பளியை எடுத்து அப்பாவின் தோளில் போர்த்தினார்.

"எம் மனசு இன்னும் ஆறல. குளிருதேன்னுதான் போத்துறேன்," என்றார்.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த அண்ணனும் இழுத்துக்கொள்ளவில்லை.

அப்பா போய் வெகுகாலமாகிவிட்டது. அவர் ஞானஸ்நானம் பெற்றது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையில்தான் என்றாலும், ரட்சிக்கப்பட்டது முங்காமல் ஈரவேட்டியோடு கரையேறி நடந்தாரே, அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில்தான் என்று என் மனசு இன்றைக்கும் சொல்கிறது.