மூன்று மொழிகளில் உப்பு வேண்டாம்

ஓசூரில் எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், பன்னிரண்டு வயது, ஒரு காது மேலே, ஒரு காது கீழே. அது எங்கள் நாய் என்று நானும் மனைவியும் நம்பினோம். மற்ற பதினோரு வீடுகளும் அப்படியேதான் நம்பின.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. பனி, புகை, கம்பெனிச் சங்குச் சத்தம். நாய் இருமத் தொடங்கியது, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல. வயிறு குடமாயிற்று. கால்நடை மருத்துவமனையில் மாடுகளோடு வரிசையில் நின்றேன். மருத்துவர் காதில் குழாயை மாட்டி, கண்ணை மூடிக் கேட்டார்.

"பம்ப் வீக் சார். ரத்தத்தைத் தள்ள மாட்டேங்குது, தண்ணி தேங்குது. கம்பெனிக்காரரு, ஒங்களுக்குச் சொன்னா புரியும்."

புரிந்தது. நான் பம்புகளைக் கழற்றி மாட்டுகிறவன். இந்தப் பம்புக்கு மட்டும் உதிரிபாகம் கிடையாது. நீர் பிரியக் காலையும் மாலையும் மாத்திரை. உப்பு அறவே கூடாது. தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும்.

"பதினஞ்சு நாள்ல வயிறு வத்தலன்னா கஷ்டம்தான் சார்."

கெலமங்கலம் சந்தை ராகியில் உப்பில்லாமல் களி கிண்டி, உருண்டைக்கு நடுவே மாத்திரையை ஒளித்தோம். நாய் களியை விழுங்கி மாத்திரையை மட்டும் துப்பியது. பிறகு வெந்த ஈரலுக்குள் வைத்தோம், ஏமாந்தது. கைக்கடிகாரத்தோடு குந்தி அதன் விலாவைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தி நாலு. முப்பத்தாறு. பத்து நாளாயிற்று, வயிறு இறங்கவே இல்லை.

"மாத்திரையக் குடுக்கீகளா, இல்ல பைக்குள்ளயே போட்டுக்கிட்டுத் திரியிறீகளா?" என்றாள் விருதுநகர்க்காரியான என் மனைவி.

பதினோராம் நாள் மதியம், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினேன். வழக்கம்போல நாய் படியருகே உட்கார்ந்திருந்தது, சுங்கச்சாவடிக்காரர்போல. முப்பத்தாறு, முப்பத்தாறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றவன் கீழே பார்த்தேன். என் கை, கேன்டீனில் கொடுக்கும் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி நீட்டியிருந்தது. நாய் நக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் இன்னும் ஆறு கைகள்.

எத்தனையோ வருடப் பழக்கம் அது. சாப்பாடு என்று யாருமே நினைத்ததில்லை, நானும்தான். மூன்று ஷிஃப்ட், மூன்று பஸ், வண்டி வண்டியாய் உப்பு.

"யாரும் குடுக்காதீங்கய்யா! அதோட நெஞ்சு நின்னுடும்!" என்று கத்தினேன்.

பெயின்ட் ஷாப்பில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு பாய் சிரித்தார். "அடப்பாவி, ஒங்கையில இருக்கறது இன்னா, கல்கண்டா? எங்கள மொறைக்கற!"

மறுநாள் அவரே ஒரு தகரத்துண்டில் சிவப்பு வண்ணத்தில் 'உப்பு வேண்டாம்' என்று எழுதிக்கொண்டு வந்தார். பஸ் டிரைவர் கன்னடத்தில் சேர்த்தார், வெல்டர் ஒருவர் தெலுங்கில். அதை நாயின் கழுத்தில் கட்டினோம்.

"நாய்க்கும் கேட் பாஸா?" என்றார் டிரைவர். "ஃபோட்டோ எங்க சார்?"

எல்லோரும் படித்தார்கள். படிக்காதது நாய் மட்டுந்தான். வெறுங்கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, தும்மி, முதுகைக் காட்டி உட்கார்ந்தது. மனசு கேட்காத பாய் உப்பில்லாமல் வேகவைத்த கேரட் கொண்டுவந்தார். அதை வாயில் வாங்கி, மரியாதையாகத் தரையில் வைத்தது. மூன்றாம் நாள் தின்றது. அந்த வாரம் நிறுத்தத்துக்கு வந்த பஸ்களில் நாய் காலைத் தூக்கி நனைக்காத சக்கரம் இல்லை.

பதினைந்தாம் நாள் மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தகரத்தைப் படித்துவிட்டு மறுபடி அமுக்கினார்.

"வத்திடுச்சே! மாத்திரைய நிறுத்திடாதீங்க. இது தீர்ற நோவு இல்ல சார், வச்சுப் பாத்துக்கற நோவு."

"இன்னும் எத்தன நாள் சார் இருக்கும்?"

அவர் வாய் திறப்பதற்குள், வரிசையில் நின்ற காளையைப் பார்த்து நாய் குரைக்க ஆரம்பித்தது. ஒன்பது குரைப்பு, ஒரு இருமல்கூட இல்லை. காளை இரண்டடி பின்வாங்கியது.