கொளஞ்சிநாதன் உடம்பில் ஏறிய சூடு

விருத்தாசலம் செராமிக்ஸ் பேட்டையில், சூளை வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குவதில் கொளஞ்சிநாதனை மிஞ்ச ஆளில்லை என்று பதினான்கு வருஷமாகப் பேர். இரண்டு பேர் பிடிக்கும், பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் அடுக்கிய தட்டை ஒற்றை ஆளாகத் தோளில் வைத்துக்கொண்டு போவான். முப்பத்தாறு வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 2006 கோடையில், திட்டக்குடியிலிருந்து புதிதாக வந்தவன் ஒருவன் மதியத்துக்குள் இவனைவிட நாலு தட்டு கூடுதலாக ஏற்றிவிட்டான். மேஸ்திரி, “நீ கொஞ்சம் நெழல்ல ஒக்காந்துக்க” என்றார். அன்று கொளஞ்சிநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

களிமண் லாரி ஓட்டும் மாணிக்கவேல் டீக்கடையில் ஒரு மாத்திரை அட்டையை நீட்டினான். அட்டையில் பேர் எதுவும் இல்லை.

“ஒண்ணு போட்டா போதும். அசதியே தெரியாது. நான் மூணு வருசமா போடுறேன், எனக்கு என்னா ஆயிடுச்சி?”

பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. வியர்வை ஆறாகக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது. ஆனாலும் கை ஓயவில்லை. பழைய கொளஞ்சிநாதன் திரும்பிவிட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பதினொன்றாம் நாள் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, முழுக்க ஆறாத சூளை வண்டியில் சரக்கு இறக்கினான்.

முதலில் தொடை கல்லாக இறுகியது. தட்டைக் கீழே வைக்க முயன்றான், விரல் பிரியவில்லை. யாரையோ கூப்பிட வாயைத் திறக்கப் பார்த்தான், தாடை பூட்டிக்கொண்டது. உள்ளே யாரோ அடுப்பு மூட்டியதுபோல் உடம்பு எரிந்தது. தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். சோடாக் கடை ஐஸ்கட்டியை நெஞ்சில் வைத்தார்கள். அது கண்ணெதிரே உருகி ஓடியது.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் நூற்றெட்டைத் தொட்டது. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் இறங்கியது. அங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மனைவி ஆதிலட்சுமி அவன் சட்டைப்பையில் இருந்த அட்டையை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். பதினேழு நாள் டயாலிசிஸ் செய்து உயிரை மீட்டார்கள்.

கண் விழித்து உட்கார்ந்த பிறகு டாக்டர் கேட்டார்: “உங்க குடும்பத்துல யாராவது ஆபரேஷன் சமயத்துல இப்படி சூடேறி செத்துருக்காங்களா?”

கொளஞ்சிநாதன் சொன்னான். அக்கா பானுமதி. பத்தொன்பது வயது. குடல்வால் ஆபரேஷனுக்குப் போனவள், உடம்பு விறைத்து, கொதித்து, மேசையிலேயே போய்விட்டாள்.

“தசை சுருங்கி விரியறதுக்கு உள்ள சுண்ணாம்புச்சத்த அளந்து விடுற புரதம் ஒண்ணு இருக்குது. கதவு மாதிரி. உங்க பரம்பரையில அந்தக் கதவு பொறப்புலயே பழுதா இருக்கலாம். சில மயக்க மருந்து அதத் தெறந்து விட்டுடும். உங்களுக்கு மாத்திரையும் வெக்கையும் பாரமும் சேந்து தெறந்துட்டுது. தெறந்தா தசை நிக்காம எரியும். சோதிக்காம முடிவா சொல்ல முடியாது. ஆனா உங்க அக்கா கதையக் கேட்டா அப்படித்தான் தெரியுது.”

வீடு திரும்பியவனால் குடத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. தொடையில் பாதிச் சதை கரைந்திருந்தது. டாக்டர் சொன்னதை அம்மா கண்ணம்மாளிடம் சொன்னான். அவள் இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“பானுமதிக்கு ஆபரேசனுக்கு முன்னால ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னாங்க. பசிக்குதும்மான்னு அழுதா. ஒரு டம்ளர் கஞ்சி குடுத்துட்டேன்டா. அதாலதான் அவ போயிட்டான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

“கஞ்சியால இல்லம்மா. அது உடம்புலயே இருந்துது.”

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தான். தெளியவில்லை.

“உடம்புலயேன்னா, நான் பெத்தப்பவே குடுத்ததா?”

“அப்பா வழியாவும் இருக்கலாம்மா.”

“ரெண்டு பேருக்குமா குடுத்தேன்,” என்றாள் கண்ணம்மாள். அவன் சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவே இல்லை. ஆனால் மகன் மூன்று மாதம் எழுந்து நடக்கப் பழகிய காலம் முழுக்க, தான் தொட்டால் இன்னும் ஏதாவது வந்துவிடும் என்பதுபோல், அவன் கையை அவள் தொடவும் இல்லை. கொளஞ்சிநாதன் இப்போது பேட்டை வாசலில் வாட்ச்மேன். மாணிக்கவேலின் லாரி வந்தால் கேட்டைத் திறந்துவிடுவான். ஒரு தடவை மாத்திரையை விட்டுவிடச் சொன்னான். மாணிக்கவேல் சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தான்.