காப்பார் சாலைக்கு மேலே ஒரு ரயில்

தாமரைக்கு முப்பத்து மூன்று வயதில் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிப் போயின. பெரிய அறிகுறி எதுவும் இல்லை. தலைவலி வந்தது; கணினியையே பார்த்துக்கொண்டிருப்பதால் என்று நினைத்தாள். கால் வீங்கியது, பெரிய செருப்பு வாங்கினாள். போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் அவள் கிராணி, எழுத்து வேலை. ஒரு நாள் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கண் விழித்தபோது கழுத்தில் குழாய் செருகியிருந்தது.

நிச்சயித்திருந்த கல்யாணம் இரண்டு மாதத்தில் நின்றது. மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய மாமாவை அனுப்பியிருந்தார். அந்த மனிதர் வைத்த தேநீரைக்கூடத் தொடாமல், "எல்லாம் விதிம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அலுவலகத்தில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் போக மீதி நாட்களில் வேலை பார்த்து ஓராண்டு ஓட்டினாள். ஒரு வியாழக்கிழமை போனபோது அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். தாமரை தன் குவளையையும் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் மேலங்கியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு என்றால் அண்ணன் பரமேஸ்வரனின் வீடு, கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. அண்ணி புஷ்பவல்லி நல்லவள்தான். ஆனால் அவளும் வேலைக்குப் போய் வருகிறவள். ஒரு வீட்டில் இரண்டு விதமான சமையல், ஒன்று உப்போடு, ஒன்று உப்பில்லாமல், எத்தனை வருடம் முகம் சுளிக்காமல் செய்ய முடியும்?

அண்ணன் ஒரு காலத்தில் ஆசையாக வாங்கிய கணினி அவள் அறையில் கிடந்தது. அதில் நகரம் கட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. வெறும் நிலம், ஓர் ஆறு. நீ சாலை போடு, வீடு வை, தண்ணீர் கொடு, மனிதர்கள் தாமாக வந்து குடியேறுவார்கள். ஷிப்டு வேலையில் அண்ணனுக்கு அதைத் தொட நேரமில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தாமரைக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

அவள் கிள்ளானைக் கட்டினாள். வரைபடம் பார்க்கவில்லை, மனத்தில் இருந்ததைக் கட்டினாள். ஆறு, பாலங்கள், பழைய ரயில் நிலையம், வடக்கே காப்பார் சாலை. கட்டி முடித்ததும் நிஜக் கிள்ளானைப் போலவே எல்லாம் நெரிசலில் சிக்கி நின்றன. ஆம்புலன்ஸ் நகரவில்லை. பிணம் எடுக்க வண்டி வரவில்லை என்று வீடுகளின் மேல் மண்டை ஓட்டுப் படம் தோன்றியது. அதைப் பார்த்துத்தான் அவள் தரையை விட்டுவிட்டு மேலே பார்க்க ஆரம்பித்தாள். சாலைக்கு மேலே தூண் நிறுத்தித் தண்டவாளம் போடலாம்.

அது சொல்வதுபோல் எளிதில்லை. சாலையின் போக்கிலேயே பாதையும் வளைய வேண்டும். உயரத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சரிவு அதிகம் என்று கோடு சிவப்பாகும். சாலை நடுவில் தடுப்பு இருந்தால் தூண் அதில் இறங்கும். தடுப்பில்லாத ஒடுங்கிய சாலையில், தூண் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவிலேயே முளைத்துவிடும். கார்கள் அதை ஊடுருவிக்கொண்டு போகும். தாமரைக்கு அது பிடிக்காது. விளையாட்டு அனுமதித்தாலும் அவள் அதை இடித்துவிட்டு மறுபடி போடுவாள்.

டயாலிசிஸ் நிலையத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி குமுதாவுக்கு. நாற்பத்திரண்டு வயது. மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவள். நான்கு மணி நேரம் ஊசிக் கையை அசைக்காமல் படுத்திருக்கும்போது பேச்சை விட்டால் வேறு துணை இல்லை. ஒரு நாள் தாமரை தன் நகரத்தைத் திரையிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்து வந்து காட்டினாள்.

"என்னாது இது, ரயிலா?" என்றாள் குமுதா. "எங்க தாமானுக்கு, நாங்க குடியிருக்குற வீட்டு வரிசைக்கு வராதா?"

"உங்க தாமான் எங்கக்கா?"

"காப்பார் ரோட்டுலேர்ந்து உள்ள திரும்பணும். முனீஸ்வரர் கோயில் தாண்டினா வீடு. பஸ்ஸு எப்ப வரும்னு அந்த முனீஸ்வரருக்கே தெரியாது லா. ஊசி எடுத்துட்டு பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வரும், தெரியுமா?"

குமுதாவின் கணவர் தம்புசாமி ஜொகூருக்கு லோரி ஓட்டுபவர். அவர் ஊரில் இருக்கும் நாட்களில் மோட்டாரில் கொண்டுவந்து விடுவார். மற்ற நாட்களில் இரண்டு பஸ்.

"போடறேன் அக்கா, உங்க வீட்டு முன்னாடியே ஸ்டேஷன் போடறேன்," என்றாள் தாமரை.

சும்மா சொன்னதுதான். ஆனால் மறுநாளே உட்கார்ந்துவிட்டாள். காப்பார் சாலைவரை பாதை ஒழுங்காக வந்தது. தாமான் முனையில் திரும்பும்போது இடமில்லை. வளைவு பெரிதாக வேண்டும், அதற்கு ஒன்று வீட்டு வரிசையை இடிக்க வேண்டும், அல்லது கோயிலை.

"கோயில ஒடைக்காதே," என்றாள் குமுதா, புதன்கிழமை.

"அப்ப வீடு போயிடும்."

"யாரு வீடு?"

"உங்க வரிசைதான்."

குமுதா சிரித்துவிட்டாள். மெஷின் சத்தம் போட்டது, கையை ஆட்டிவிட்டாள். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டிவிட்டுப் போனாள். பிறகு குமுதா மெதுவாகச் சொன்னாள்: "வேற வழி பாரு தாமர. நீ படிச்சவதான?"

ஐந்து வாரம் ஆயிற்று. தாமரை சாலையையே ஓரடி ஓரடியாக நகர்த்தி, நடுவில் தடுப்பு வைத்து, பாதையை இன்னும் இரண்டு மடங்கு உயர்த்தி, கோயில் கோபுரத்தில் இடிக்காமல் வளைத்தாள். குமுதா ஒவ்வொரு முறையும் ஏதாவது கேட்பாள். படியா, லிப்டா? வெயில் அடிக்காமல் கூரை உண்டா? உட்கார இடம் இருக்குமா? தாமரை எல்லாவற்றையும் வைத்தாள். நிலையத்துக்குக் குமுதா என்றே பெயரிட்டாள். முதல் ரயில் வந்து நின்ற படத்தைக் காட்டியபோது குமுதா ஊசியில்லாத கையால் கைப்பேசியை வாங்கித் தன் முகத்தருகே கொண்டுபோனாள். படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னாள்.

அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு வெள்ளிக்கிழமை குமுதா வரவில்லை. தாமான் சாலையில் முழங்கால் தண்ணீர், பஸ் இல்லை, கூப்பிட்ட வாடகைக் கார்கள் வர மறுத்துவிட்டன என்று செய்தி அனுப்பியிருந்தாள். தம்புசாமி ஜொகூரில் மாட்டிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழம பாப்போம்" என்று முடித்திருந்தாள். தாமரைக்குப் பயமாக இருந்தது. புதனிலிருந்து திங்கள்வரை என்றால் ஐந்து நாள். ஐந்து நாள் தண்ணீர் உடம்பிலேயே நின்றால் அது கடைசியில் நுரையீரலுக்குத்தான் போகும். "தண்ணி குடிக்காதீங்க அக்கா, ஐஸ் மட்டும் சப்புங்க" என்று எழுதினாள். கட்டை விரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

திங்கட்கிழமை ஊசி ஏறிய பிறகுதான் நர்ஸ் சொன்னாள். முந்தின நாள் மத்தியானம் மூச்சு முட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் வண்டி பிடித்துக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இன்றைக்கு எடுக்கிறார்கள். எழுந்து போக முடியாது. பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, தாமரை நான்கு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது.

கருமக்கிரியையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். குமுதாவின் கைப்பேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் தம்புசாமி முகவரி அனுப்பியிருந்தார். தாமரை அண்ணனிடம் சொல்லாமல் பஸ்ஸில் போனாள்.

காப்பார் சாலையில் இறங்கினாள். கோயில் முனையில்தான் இருந்தது. ஆனால் கோயிலைத் தாண்டினால் வீடு இல்லை. நீளமான சாலை ஒன்று இருந்தது, ஒரு பக்கம் பெரிய சாக்கடை, மறுபக்கம் லோரிகள் நிறுத்திய பொட்டல். மரம் கிடையாது. அவள் நடந்தாள், நின்றாள், நடந்தாள். வீட்டுக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் நின்று வந்த பிறகு குமுதா இதையும் நடந்திருக்கிறாள். ஒரு நாளும் சொன்னதில்லை. தாமரை கட்டிய நிலையம் நிஜமாகவே வந்திருந்தாலும் அது கோயிலடியில்தான் நின்றிருக்கும்.

பூசை முடிந்து இலை போட்டார்கள். அவள் சாப்பிடக்கூடியது சோறு மட்டும்தான். தம்புசாமி வந்து எதிரே உட்கார்ந்தார். பெரிய உருவம், மொட்டைத் தலை.

"நீதான தாமர? ரொம்ப சொல்லுவா மா. அந்த ரயிலு எப்ப மா தெறக்குறாங்க?"

தாமரைக்குப் புரியவில்லை. "எந்த ரயிலண்ணே?"

"நம்ம கோயில் முன்னாடி வருதே. நீ ரயில் ஆபீஸ்லதான வேல செய்ற? பிளேன் எல்லாம் நீதான் போடறேன்னு சொன்னா." அவர் உள்பக்கம் கை காட்டினார். அங்கே சேலைத் தலைப்பால் முகம் துடைத்தபடி ஓர் அம்மாள் நின்றிருந்தார். "அவ அக்கா, தனலெட்சுமி. காஜாங்ல இருக்காங்க. அவங்க வீட்டுலேர்ந்து அஞ்சு நிமிஷத்துல டயாலிசிஸ். எடம் கூட கெடச்சிருச்சு. வா வான்னு எத்தன தடவ கூப்பிட்டாங்க. இவ போகமாட்டேன்னுட்டா. 'ரயிலு வருது, ஸ்டேஷன் வருது, நான் எதுக்கு அடுத்தவங்க வீட்டுல போயி இருக்கணும்'ன்னா. நானும் சரின்னு விட்டுட்டேன். தாமான்ல எல்லாருகிட்டயும் சொன்னேன் மா, ரயிலு வருதுன்னு."

குமுதாவுக்கு அது விளையாட்டு என்று தெரியும். நன்றாகவே தெரியும். எந்த வீட்டை இடிப்பது என்று பேசிச் சிரித்தவள் அவள். தெரிந்தே கணவரிடம் வேறு சொல்லியிருக்கிறாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். இன்னும் சில வருடமாகும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பிறகு பல மாதம் தாமரை இதை நினைத்து நினைத்து வெந்தாள். ஆனால் அந்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அண்ணே, அது கேம்."

"என்னாது?"

"கம்ப்யூட்டர் கேம் அண்ணே. நான் வீட்டுல வெளையாடறது. எனக்கு வேல இல்லண்ணே. நானும் டயாலிசிஸ்தான்."

அவர் நம்பாமல் பார்த்தார். தாமரை கைப்பேசியை எடுத்துப் படத்தை ஓடவிட்டாள். சாலைக்கு மேலே ரயில் வளைந்து வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் நின்றது. பொம்மை மனிதர்கள் இறங்கினார்கள். பலகையில் குமுதாவின் பெயர் இருந்தது. தம்புசாமி கடைசிவரை பார்த்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாதான் மா இருக்கு," என்றார். எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

வாசல்வரை வந்தது தனலெட்சுமிதான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "கட்டில்கூட வாங்கிப் போட்டு வெச்சிருந்தேன்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "போயிட்டு வரேன்னு சொல்லாத, அப்படியே போ," என்று கேட்டைச் சாத்தினார். சாவு வீட்டில் அப்படிச் சொல்வது வழக்கம்தான். இருந்தாலும் அது தன்னை மட்டுமே சொன்னதுபோல் தாமரைக்குப் பட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டில் பாரமாக இருக்கப் பிடிக்காமல் குமுதா ஒரு சாக்குத் தேடினாளா? அந்தச் சாக்கைக் கையில் கொடுத்தது தானா? அண்ணன் வீட்டில் ஐந்து வருடமாகக் கிடப்பவளுக்கு, காஜாங் போகமாட்டேன் என்ற அந்தப் பிடிவாதம் புரிந்தது. அதுதான் இன்னும் வலித்தது. கேட்டுத் தெளிய இனி ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தாள். நகரம் ஓடிக்கொண்டிருந்தது. குமுதா நிலையத்தில் பதினொரு பேர் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். நிலையத்தை இடிக்கலாம் என்று சுட்டியைக் கொண்டுபோனாள். கட்டடம் சிவப்பாகி, அழுத்தக் காத்திருந்தது. அவள் அழுத்தவில்லை. அணைத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் எதற்கோ அந்த விளையாட்டைத் திறந்தபோது புதுப்பதிப்பு தானாக ஏறியிருந்தது. பழைய நகரம் திறக்கவில்லை. பரமேஸ்வரன் இரண்டு மணி நேரம் போராடினான். "ஏதோ வழி இருக்கு, பாத்து எடுத்துக் குடுக்குறேன்," என்றான்.

"வேணாண்ணே," என்றாள் தாமரை. "அந்த மேசைய எடுத்துட்டா ரூம்ல கொஞ்சம் எடமாவது கெடைக்கும்."

ஒரு மாலை தம்புசாமியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஷா ஆலம் பக்கம் லோரியில் போகும்போது எடுத்தது. தூண்களின் மேல் புதிய ரயில் ஒன்று ஆளில்லாமல் சோதனை ஓட்டம் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு வரியும் இல்லை. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் தாமரை அதை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாளாகிவிட்டது, எழுதவில்லை.

குமுதாவின் நாற்காலிக்கு இராஜம்மா என்ற ஓர் அம்மாள் வந்திருக்கிறார். பண்டமாரானிலிருந்து வருகிறார். வந்த முதல் வாரமே பேச ஆள் தேடினார். "பஸ்ஸுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு மா," என்று ஆரம்பித்தார். தாமரை போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு, ஊசியில்லாத பக்கமாக முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.